மட்டக்களப்பு வீட்டுக் குளியலறைக்கு எக்ஸோஸ்ட் ஃபேன்: தெரிவு செய்வதும் பொருத்துவதும்

மார்கழி மழையில் மட்டக்களப்பில் துவாய் காய்வதில்லை. காலையில் குளித்த ஈரம் மாலை வரை தரையில் கிடக்கும். டைல்ஸ் இடுக்குகளில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். கதவு நிலையின் அடி ஊறிப் பெயின்ட் உரியும். படுக்கையறையோடு ஒட்டிய பாத்ரூம் என்றால் அந்தப் பூஞ்சண நாற்றம் கட்டில் வரைக்கும் வரும். இதற்கு எக்ஸோஸ்ட் ஃபேன் நல்ல தீர்வுதான். ஆனால் கடைக்குப் போய் "ஆறு இஞ்சி ஃபேன் ஒன்று தாங்க" என்று வாங்கி வந்து, வசதியான சுவரில் ஓட்டை போட்டு மாட்டிய பல வீடுகளில் ஃபேன் சத்தம் மட்டும் போடுகிறது, தரை அப்படியே ஈரமாகக் கிடக்கிறது. காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகவேண்டும் என்று முதலில் யோசித்துவிட்டால் இந்த ஏமாற்றம் வராது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் உங்கள் குளியலறைக்குள் ஒரு தடவை போய் நின்று பாருங்கள்.

முதலில், ஃபேன் தேவைதானா?

கிணற்றடியில் தனியாகக் கட்டிய பழைய குளியலறைகளுக்கு இது வேண்டியதில்லை. இரண்டு வெளிச்சுவர்களில் காற்றுத் துளைகள் இருந்து, குளித்து இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தரை காய்ந்துவிடுகிறது என்றால் காசைச் செலவழிக்காதீர்கள். பல வீடுகளில் யன்னலுக்கு மேலே இருக்கும் ஃபேன்லைட் என்ற காற்றுத் திறப்பை நுளம்புக்குப் பயந்து பொலித்தீனாலோ பலகையாலோ அடைத்திருப்பார்கள். அதை அகற்றி நுளம்பு வலை அடித்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். அதைச் செய்து ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு ஃபேனைப் பற்றி யோசிப்பதில் தவறில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சுவர் ஈரமாக இருப்பதற்குக் குளித்த ஈரம்தான் காரணமா? கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் கட்டிய வீடுகளில் நிலத்தடி நீர் உப்போடு சுவரில் ஏறி, கீழ்ப்பகுதியில் வெள்ளையாகப் பூத்துச் சீமெந்துப் பூச்சை உதிர்க்கும். சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் கசியலாம். கூரை ஒழுகலாம். இவற்றில் எதையும் ஃபேன் சரிசெய்யாது. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சுவரின் ஈரமான இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, ஒரு அடி சதுரமான தடித்த பொலித்தீனை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கு உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம். முதலாவது என்றால் மேசனையும் குழாய் வேலை செய்பவரையும் கூப்பிடுங்கள். இரண்டாவது என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

காற்று உள்ளே வர வழி விடுங்கள்

ஒரு ஃபேன் மணிக்கு 100 கன மீற்றர் காற்றை வெளியே தள்ளவேண்டும் என்றால் அதே 100 கன மீற்றர் வேறு எங்கிருந்தாவது உள்ளே வரவேண்டும். கதவு நிலத்தோடு ஒட்டி, சுற்றிவர இறுக்கமாக மூடினால் ஃபேன் வெறுமனே சுழலும். இதை யாரும் கடையில் சொல்லித் தருவதில்லை, ஆனால் முழு வேலையும் இதில்தான் தங்கியிருக்கிறது.

வழக்கமான ஏற்பாடு, கதவின் அடியில் இடைவெளி விடுவது. இரண்டரை அடி அகலக் கதவுக்கு 10 மில்லிமீற்றர் இடைவெளி குறைந்தபட்சம். பிரித்தானியக் கட்டட விதிகளும் ஏறத்தாழ இந்த அளவைத்தான் கேட்கின்றன. நம்முடைய குளியலறைக் கதவுகளுக்குக் கீழே தண்ணீர் வெளியே வராமல் சிறு படி வைத்திருப்பார்கள். இடைவெளியை அந்தப் படியின் மேல்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். மரக்கதவு என்றால் ஓடாவியிடம் சொல்லி அடியைச் சீவலாம். பிளாஸ்டிக் கதவுக்கு அடியை வெட்டினால் உள்ளே வெற்றிடம் தெரியும், தண்ணீர் ஏறும். அதற்குக் கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் காற்றுக் கிறில் பொருத்துவது நல்லது.

அடுத்தது, வரும் காற்று அறை முழுவதையும் கடந்து போகவேண்டும். கதவு கிழக்கே என்றால் ஃபேன் மேற்கே, உயரத்தில். கதவுக்கு மேலேயே ஃபேனை வைத்தால் கதவடிக் காற்று நேராக மேலே ஏறிப் போய்விடும், ஷவர் மூலை ஈரமாகவே இருக்கும். இதைவிட அதிகமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. யன்னலின் ஒரு கண்ணாடியைக் கழற்றி ஃபேனை வைப்பார்கள், பக்கத்தில் இருக்கும் லூவர் கண்ணாடிகள் திறந்தபடியே கிடக்கும். வெளிக்காற்று அந்த லூவரால் வந்து உடனே ஃபேனால் வெளியே போகும். அறைக்குள் ஒரு சொட்டு ஈரமும் அசையாது. ஃபேன் ஓடும்போது அதன் அருகிலுள்ள திறப்புகள் மூடியிருக்க வேண்டும், தூரத்துத் திறப்பு மட்டும் திறந்திருக்க வேண்டும்.

வழி அடைபட்டிருந்தால் இன்னொரு தொல்லையும் வரும். பலமான ஃபேன், உள்ளே காற்று வராதபோது, தரை வடிகாலின் நீர்ப்பூட்டு (நாற்றத்தை மறிக்க வடிகாலுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர்) வற்றியிருந்தால் அதன் வழியாகக் குழாய்க்குள் இருக்கும் நாற்றத்தை இழுத்து வரும். "ஃபேன் போட்ட பிறகுதான் மணக்குது" என்று சொல்பவர்கள் வடிகாலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுக் கதவடியைப் பாருங்கள். குளியலறைக்குள் எரிவாயுவில் இயங்கும் சுடுநீர் ஹீட்டர் இருக்கிறதா? அப்படியானால் அது வெளிக்காற்றோடு இணைந்த மூடிய வகையாக இல்லாத பட்சத்தில் அங்கே எக்ஸோஸ்ட் ஃபேன் போடவே கூடாது. புகைவழியால் வெளியேற வேண்டிய காபன் மொனொக்சைட்டை ஃபேன் திரும்ப உள்ளே இழுக்கும். அது மணமில்லாத நஞ்சு. இந்த ஒரு விடயத்தில் சமரசம் வேண்டாம்.

எந்தச் சுவர்? வாடைக் காற்றும் கச்சான் காற்றும்

கொழும்பில் எழுதப்படும் குறிப்புகள் நம் கரைக்கு அப்படியே பொருந்தாது. இங்கே ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வடகீழ்ப் பருவக்காற்றோடு, அதாவது வாடையோடு, கடல் பக்கமிருந்து வருகிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வரும் சூடான, வறண்ட கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும்.

ஒரு சிறிய நாலு அங்குல ஃபேனின் தள்ளும் பலம் பெரும்பாலும் 30, 40 பாஸ்கல்தான். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் நேராக வந்து மோதும் காற்று சுவரில் ஏறக்குறைய 60 பாஸ்கல் அழுத்தம் கொடுக்கும். கடலைப் பார்த்த சுவரில் ஃபேன் இருந்தால் மார்கழிக் காற்றில் அது தோற்றுப்போகும். மழையும் அதனூடாக உள்ளே தெறிக்கும். ஆகவே கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் முடிந்தவரை கிழக்கு, வடக்குச் சுவர்களைத் தவிருங்கள். தெற்குச் சுவர் எனக்குப் பிடித்த தெரிவு. மேற்குச் சுவரும் பரவாயில்லை: கச்சானுக்கு முகம் கொடுக்கும், ஷட்டர் படபடக்கும், ஆனால் அந்தக் காலத்தில் மழை குறைவு, ஈரமும் தானாகக் காய்ந்துவிடும். வேறு வழியில்லாமல் கிழக்குச் சுவர்தான் என்றால் கூரைத் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கிய இடமாகப் பார்த்து, வெளியே கீழ்நோக்கி வாய் திறந்த மூடி ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமும் அம்பாறையின் உட்பகுதிகளிலும் உப்புக்காற்றுத் தொல்லை குறைவு. அங்கே வௌவாலும் எலியும் பூச்சியும்தான் பெரிய கவலை. அதற்கு வலையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காத்தான்குடி போல நெருக்கமாக வீடுகள் இருக்கும் இடங்களில் குளியலறையின் வெளிச்சுவர் பக்கத்து வீட்டுச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி இருக்கும். அங்கே ஃபேனின் வாய் அவர்களுடைய சமையலறை யன்னலுக்கு நேராகவோ, கிணற்றுக்கு மேலாகவோ வராமல் பாருங்கள். ஓட்டை போடுவதற்கு முன்பே அவர்களிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. வெளிச்சுவரே இல்லாத, வீட்டின் நடுவில் அகப்பட்ட குளியலறை என்றால் சீலிங்கில் பொருத்தும் ஃபேனும் குழாயும் தேவைப்படும். அந்தக் குழாய் கட்டாயம் வீட்டுக்கு வெளியே போய் முடியவேண்டும். சீலிங்குக்கு மேலே திறந்துவிட்டால் ஈரம் அங்கே தேங்கி வளைமரமும் சலாகையும் உக்கும். அஸ்பெஸ்டஸ் ஷீட் கூரை என்றால் அதை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். குழாயைப் பக்கவாட்டில் முகட்டுச் சுவராலோ தாழ்வாரத்தாலோ வெளியே எடுங்கள்.

எவ்வளவு பலம் வேண்டும்

கணக்கு சுலபம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வரும் கன அடியை 6 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை வெளியேற்றவேண்டும் என்று கிடைக்கும். பெட்டியில் இதை சி.எஃப்.எம். என்று போட்டிருப்பார்கள். மணிக்கு 10 தடவை அறைக் காற்று மாறவேண்டும் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. குளியலறைக்குப் பொதுவாக 8 தடவை போதும் என்பார்கள். நம்மூர் ஈரத்துக்கு 10 வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

5 அடிக்கு 8 அடி, 9 அடி உயரம் என்றால் 360 கன அடி. 6 ஆல் வகுத்தால் 60 சி.எஃப்.எம். சில பெட்டிகளில் மணிக்கு இத்தனை கன மீற்றர் என்று இருக்கும். அதற்கு 1.7 ஆல் பெருக்குங்கள்: 102. ஆனால் பெட்டியில் எழுதியிருப்பது எந்தத் தடையும் இல்லாமல் திறந்த வெளியில் ஓடும்போது வரும் அளவு. சுவர்த் துளை, ஷட்டர், வலை, வெளிமூடி எல்லாம் அதில் ஒரு பங்கை எடுத்துவிடும். ஆகவே ஒன்றரை மடங்காக, ஏறத்தாழ 150 கன மீற்றர் உள்ளதாகத் தேடுங்கள்.

நாலு அங்குல ஃபேன்கள் பெரும்பாலும் மணிக்கு 80 தொடக்கம் 100 கன மீற்றர் தள்ளும். 4 அடிக்கு 4 அடி மலசலகூடத்துக்கு அது தாராளம். மேலே சொன்ன 5க்கு 8 குளியலறைக்கு ஆறு அங்குலம் எடுங்கள். எட்டு, பத்து அங்குலம் சமையலறைக்குப் போகட்டும்.

கடையில் எதைப் பார்க்கவேண்டும்

வெளிச்சுவர் இருக்கிறதென்றால் சுவரில் நேராகப் பொருத்தும் சாதாரண வகை போதும். குழாய் இல்லாமல், அல்லது சுவர்த் தடிப்பளவு குழாயோடு, அது நன்றாக வேலை செய்யும். இரண்டு மீற்றருக்கு மேல் குழாய் ஓடவேண்டும் என்றால் அந்த வகை திணறும். குழாயின் தடையைத் தாண்டிப் பலமாகத் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் வகையோ, குழாய்க்கு நடுவில் பொருத்தும் இன்லைன் வகையோ வேண்டும்.

உடல் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்புத் தகட்டில் செய்த, பெயின்ட் அடித்த ஃபேன்கள் கடலோரத்தில் சீக்கிரம் கறள் கட்டும். கறள் நீர் வெள்ளைச் சுவரில் கோடு கோடாக இறங்கும். கூடவே வரும் ஸ்குரூக்களும் பெரும்பாலும் சாதாரண இரும்புதான். ஹாட்வெயாரில் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ நாலு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டரின் பெயரிங், குண்டுகள் வைத்த "போல் பெயரிங்" வகையா, வெறும் புஷ்ஷா என்று கேளுங்கள். போல் பெயரிங் சற்று விலை கூடும், ஆனால் ஈரத்தில் நீண்ட காலம் சத்தமில்லாமல் ஓடும். ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறியீடு தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதைக் காட்டுகிறது. ஷவருக்கு நேர் மேலே அல்லது அதிலிருந்து இரண்டடி தூரத்துக்குள் ஃபேன் வருமானால் இந்தக் குறியீடு இல்லாததைத் தொடாதீர்கள்.

ஃபேன் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர் அல்லது உள்வால்வு கட்டாயம் வேண்டும். கடையிலேயே விரலால் தள்ளிப் பாருங்கள், லேசாக அசைந்து தானாக மூடவேண்டும்.

வேண்டாத வசதி ஒன்றைச் சொல்கிறேன். ஈரப்பதத்தை உணர்ந்து தானாக ஓடும் சென்சர் வைத்த ஃபேன்கள் குளிர் நாடுகளுக்கு அருமையானவை. இங்கே மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரம் நிறைந்தது. சென்சர் அணையாமல் ஃபேன் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காசுக்கு டைமர் வைத்ததை வாங்குங்கள். சுவிட்ச்சை அணைத்த பிறகும் 15, 20 நிமிடம் ஓடிவிட்டு நிற்கும். நமக்கு அதுதான் பொருத்தம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் ஃபேன் கொண்டுவரச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. லேபிளைப் பாருங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சவூதி அரேபியாவில் 60 ஹேர்ட்ஸ். 60 என்று மட்டும் எழுதியிருக்கும் மோட்டர் இங்கே மெதுவாகச் சுழன்று அதிகம் சூடேறும்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 20 வொட் ஃபேன் நாளுக்கு மூன்று மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு இரண்டு யுனிட்டும் வராது.

பொருத்தும் நாள்

சுவர் வேலையைக் கைப்பழக்கம் உள்ளவர் தானே செய்யலாம், இல்லையென்றால் மேசனிடம் கொடுக்கலாம். மின் இணைப்பு வேலை தகுதி உள்ள வயரிங் காரருக்கு. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், என்.வி.கியூ. என்று சொல்வது, உள்ளவரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன், ஆவணி புரட்டாதியில் இந்த வேலையைச் செய்துவிடுங்கள். சீமெந்தும் சிலிக்கனும் நன்றாகக் காயும்.

முதல் வேலை, மெயின் சுவிட்ச்சை இறக்குவது. டிரில்லுக்குக் கரண்ட் வேண்டுமே என்றால் குளியலறைப் பக்கத்து எம்.சி.பி.யை (அந்தச் சேர்க்கிட்டுக்கான சிறிய பிரேக்கரை) மட்டும் இறக்கி, டெஸ்டரால் பார்த்து உறுதிசெய்யுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள், யாராவது போய்த் திரும்ப ஏற்றிவிடக் கூடாது.

பிறகு இடம் குறிப்பது. சீலிங்கிலிருந்து அரை அடி கீழே, கதவுக்கு எதிர்ப்பக்கம். யன்னல், கதவுகளுக்கு மேலே ஓடும் லின்டல் கொங்கிரீட்டையும் சுவரின் உச்சியில் ஓடும் பீமையும் எக்காரணம் கொண்டும் வெட்டக்கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய பல வீடுகளில் லின்டல் வீடு முழுக்கச் சுற்றி ஓடுகிறது. தட்டிப் பார்த்து, தேவையென்றால் சிறிய துளை போட்டுப் பார்த்து, அதற்கு மேலே அல்லது கீழே வருகிற மாதிரி இடத்தை மாற்றுங்கள். சுவிட்ச்சுக்கு நேர் மேலேயும் ஷவர்க் குழாய்க்கு நேர் மேலேயும் சுவருக்குள் வயரோ குழாயோ ஓடும் என்று எண்ணிக்கொண்டு அந்தக் கோட்டிலிருந்து விலகுங்கள்.

நடுப்புள்ளியில் நீண்ட மெல்லிய பிட்டால் ஒரு துளையை வெளியே வரை போடுங்கள். துளை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கட்டும். ஆறு அங்குலச் சுவருக்கு 5 மில்லிமீற்றர் இறக்கம் போதும். உள்ளே வரும் மழை நீரும் குழாயில் கோக்கும் நீரும் தானாக வெளியே வடியும். இந்தத் துளையை நடுவாக வைத்து உள்ளேயும் வெளியேயும் வட்டம் வரைந்துகொள்ளுங்கள்.

நாலு அங்குல ஃபேனுக்கு 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய்த் துண்டு சுவருக்குள் உறையாகப் பொருந்தும். ஆறு அங்குலத்துக்கு 160. கடையிலேயே ஃபேனின் கழுத்தைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்து வாங்கிவிடுங்கள். கோர் பிட் வாடகைக்குக் கிடைத்தால் வேலை சுத்தமாக முடியும். கிடைக்காவிட்டால் வட்டக் கோட்டின் மேல் நெருக்கமாகத் துளைகள் போட்டு உளியால் மெதுவாக எடுக்கலாம். எப்படிச் செய்தாலும் பாதி உள்ளிருந்தும் பாதி வெளியிலிருந்தும் செய்யுங்கள். ஒரே பக்கமாகத் தள்ளினால் மறுபக்கத்துப் பூச்சுப் பெரிதாகப் பெயர்ந்து விழும். உள்ளீடற்ற சீமெந்துக் கல் என்றால் சுத்தியலை ஓங்க வேண்டாம், கல் உடைந்து பெரிய பொந்தாகிவிடும். டைல்ஸ் ஒட்டிய சுவரில் டைல்ஸுக்கான பிட்டால், டிரில்லின் ஹெமர் வசதியை நிறுத்திவிட்டுத் துளையுங்கள். கண்ணாடியும் மூக்குக்கு முகக்கவசமும் போட மறக்காதீர்கள்.

குழாய்த் துண்டை உள்ளே விட்டு, வெளிப்பக்கம் ஒரு சென்ரிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்க வெட்டுங்கள். அப்போதுதான் வடியும் நீர் சுவரில் இறங்காமல் சொட்டும். சுற்றிவரச் சீமெந்துக் கலவை வைத்து ஒரு நாள் காயவிடுங்கள்.

அடுத்த நாள் ஃபேனின் உடலை வைத்து ரசமட்டத்தால் நேர் பார்த்து, ஸ்குரூத் துளைகளைக் குறித்து, 6 மில்லிமீற்றர் துளையிட்டு ரோல் பிளக் அடித்து ஸ்குரூ முடுக்குங்கள். அளவுக்கு மிஞ்சி முடுக்கினால் பிளாஸ்டிக் உடல் கோணும், இறகு உரசிச் சத்தம் வரும். முடுக்கிய பிறகு இறகை விரலால் சுற்றிப் பாருங்கள், தொடாமல் சுழலவேண்டும். வெளிமூடியின் மேலும் இரண்டு பக்கமும் சிலிக்கன் பூசுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள், தவறி உள்ளே போன நீர் வெளியேற வழி வேண்டும்.

வலை என்றால் கால் அங்குலக் கண்ணுள்ள ஸ்டெய்ன்லெஸ் அல்லது பிளாஸ்டிக் வலை. வௌவாலையும் எலியையும் அடைக்கலக்குருவியையும் அது தடுக்கும். மெல்லிய நுளம்பு வலையை ஃபேன் வாயில் அடிக்காதீர்கள். சில கிழமைகளில் தூசி அடைத்துக் காற்றே போகாது. நுளம்பைத் தடுக்க ஷட்டர் இருக்கிறது.

மின் இணைப்பு

இந்தப் பகுதி நீங்கள் செய்வதற்காக எழுதவில்லை, செய்பவரிடம் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்திருப்பதற்காக. ஈரமான அறையில் வெறுங்காலோடு நிற்கும் மனிதருக்கு மேலே வரும் மின்சாரம் இது.

வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அது 30 மில்லி அம்பியரில் விழும் வகையா என்று முதலில் பாருங்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழவேண்டும். விழாவிட்டால் ஃபேனை விடுங்கள், முதலில் அதை மாற்றுங்கள். ஃபேனை லைட் சேர்க்கிட்டிலிருந்து எடுக்கலாம், இலங்கைத் தர முத்திரையான எஸ்.எல்.எஸ். உள்ள 1/1.13 அளவு வயர் தாராளமாகப் போதும். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, கதவோரம். உள்ளே ப்ளக் பொயின்ட் வைத்து அதில் ஃபேனைக் குத்துவது, எக்ஸ்டென்ஷன் வயரை யன்னலால் இழுப்பது, டேப் சுற்றிய வயர் இணைப்பை ஃபேனுக்குப் பின்னால் தொங்கவிடுவது இவற்றில் எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

டைமர் ஃபேனுக்கு எப்போதும் கரண்ட் உள்ள லைன் ஒன்று, சுவிட்ச்சால் வரும் லைன் ஒன்று, நியூட்ரல் ஒன்று என்று மூன்று வயர் வேண்டும். சுவரில் கேசிங் அடிப்பதற்கு முன்பே இதைச் சொல்லாவிட்டால் இரண்டு வயரோடு வேலை முடிந்து, டைமர் பெட்டிக்குள் சும்மா கிடக்கும். பழைய வீடுகளில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல். புதியவற்றில் மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். இரண்டும் கலந்த வீடுகளில் நிறத்தை நம்பாமல் டெஸ்டரால் பார்க்கச் சொல்லுங்கள். லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அந்த ஃபேனுக்கு எர்த் தேவையில்லை. இல்லாவிட்டால் கட்டாயம் வேண்டும்.

வயர் ஃபேனுக்குள் நுழைவதற்கு முன் சிறிது கீழே வளைந்து பிறகு மேலே ஏறட்டும். வயரில் ஓடிவரும் நீர்த்துளி அந்த வளைவில் விழுந்துவிடும்.

ஓடவிட்டுப் பாருங்கள்

கதவை மூடி, ஃபேனைப் போட்டு, ஒரு டிஷ்யூத் தாளை முன் கிறிலில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அதே தாளைக் கதவடி இடைவெளியில் பிடியுங்கள், உள்பக்கம் பறக்கவேண்டும். முதலாவது சரி, இரண்டாவது சரியில்லை என்றால் ஃபேனுக்கு அருகே எங்கோ காற்று புகுகிறது. கதவைத் திறந்ததும் ஃபேனின் சத்தம் மாறினால் கதவடி இடைவெளி போதவில்லை.

குளிக்கத் தொடங்கும்போதே போட்டு, முடிந்த பிறகு 20 நிமிடம் ஓடவிடுங்கள். மழைக்காலத்தில் அரை மணித்தியாலம். குளித்து முடிந்ததும் தரைத் தண்ணீரை வைப்பரால் வடிகாலுக்குத் தள்ளிவிட்டால் ஃபேனின் வேலை பாதியாகக் குறையும். நம்மில் பெரும்பாலானோர் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்கள். நீராவியைவிடத் தரையில் தேங்கும் நீர்தான் நம் குளியலறையின் ஈரம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயினை இறக்கி, முன் கிறிலைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, இறகை ஈரத்துணியால் துடையுங்கள். மோட்டரில் தண்ணீர் படக்கூடாது. கடலோரத்தில் இருப்பவர்கள் வெளி ஷட்டரின் கீல்களில் உப்புப் படிந்து இறுகியிருக்கிறதா என்று பார்த்து நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடலோர வீடுகளில் அதிகம் பார்க்கும் பழுது இதுதான்: மோட்டர் நன்றாக ஓடும், ஷட்டர் திறக்காது. ஃபேன் உறுமிக்கொண்டே சுழலாமல் நின்றால் உடனே அணையுங்கள். கையால் சுற்றிவிட்டால் ஓடத் தொடங்குகிறது என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும், குறைந்த செலவில் மாற்றலாம். கையாலும் இறுக்கமாகச் சுற்றினால் பெயரிங் கறள் கட்டிவிட்டது. நாலு அங்குல ஃபேன் என்றால் அந்த நிலையில் புதிதாக வாங்குவதே லாபம். துளையும் குழாயும் வயரும் ஏற்கெனவே இருப்பதால் அதே அளவில் ஒன்றை வாங்கி அரை மணித்தியாலத்தில் மாற்றிவிடலாம்.